சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்த வாக்கு



2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்தவர்கள் நாம். அந்த நாட்களில் நிவாரண அரிசி லாரி வந்து நின்றால் ஜனங்களுக்குள் எழும்பின முதல் கேள்வி, இதை யார் கையில கொடுத்தா எல்லாருக்கும் போய்ச் சேரும் என்பதுதான். அரிசி இருந்தது, நம்பிக்கை இல்லை. இப்படிப்பட்ட ஒரு நெருக்கடியில் தேவன் எடுத்து உபயோகித்த பாத்திரம்தான் சுவார்ட்ஸ் ஐயர்.

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726ல் ஜெர்மானிய தேசத்தின் சோனன்பர்க் ஊரில் பிறந்தவர். சிறுபிள்ளையாய் இருக்கும்போதே தாயார் மரித்துப்போனார்கள். மரணப்படுக்கையில் இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்துவிட்டே கண்மூடினார்கள். ஹாலே பட்டணத்தில் படிக்கும்போது, சென்னையில் ஊழியம் செய்து திரும்பியிருந்த சூல்ட்ஸ் ஐயரிடம் தமிழ் கற்றார். 1750 ஜூலை மாதம் அவருடைய கால் முதன்முதலாக இந்திய மண்ணில் பட்டது எங்கே தெரியுமா? நம்ம கடலூரில்தான்! இங்கிருந்து தரங்கம்பாடி, பிறகு திருச்சினாப்பள்ளி, கடைசியில் தஞ்சாவூர். அவர் லுத்தரன் சபைக்காரர், நம்மைப்போல அந்நியபாஷையைக் குறித்துப் பேசினவர் அல்ல. ஆனாலும் அவருடைய ஜெப ஜீவியத்துக்கு முன்னால் நாம் தலைகுனிய வேண்டியதுதான். கலியாணம் பண்ணவில்லை. திருச்சியில் ஒரு பழைய கட்டிடத்தின் இருட்டறையில், சோறும் காய்கறியும் சாப்பிட்டுக்கொண்டு காலம் தள்ளினார்.

1779ல் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் மைசூர் ஐதர் அலிக்கும் யுத்தம் மூளும்போல் இருந்தது. மற்ற தூதர் யாரும் வேண்டாம், அந்தப் பாதிரியாரை அனுப்புங்கள், அவர் ஏமாற்றமாட்டார் என்று ஐதரே சொல்லிவிட்டார். இரத்தம் சிந்துவது நிற்குமானால் போகிறேன் என்று ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். வழிச்செலவுக்கு ஐதர் கொடுத்த 300 ரூபாயைக் கொண்டுவந்து கம்பெனியிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றபோது அதை அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதல் பணமாக வைத்தார்.

அந்தப் பிரயாணம் சமாதானத்தைக் கொண்டுவரவில்லை. அடுத்த வருஷமே யுத்தம் வந்துட்டுது. சிதம்பரம் கோயிலே ஐதர் படைக்குக் கோட்டையானது. 1781 ஜூலை 1ல் பரங்கிப்பேட்டையில் பெரிய சண்டை நடந்தது. தஞ்சாவூர் சீமை சூறையாடப்பட்டு, வயலெல்லாம் பாழாய்க் கிடந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியால் தெருவில் விழுந்து செத்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் கொண்டுவர மாடு இல்லை. முன்பு சர்க்கார் குடியானவர்களுடைய மாடுகளையும் நெல்லையும் வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் விட்டிருந்தது. இப்போது ராஜா சொல்லியும் கேட்கவில்லை, கம்பெனி அதிகாரி சொல்லியும் கேட்கவில்லை. எங்கள் எல்லாருடைய வாக்கும் செல்லாக்காசாயிற்று, ஐயர் சொன்னால் நம்புகிறார்களா பார்ப்போம் என்று துளஜா ராஜாவே அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். பணம் என் பொறுப்பு என்று ஐயர் சொல்லியனுப்பினார். ஒன்றிரண்டு நாளைக்குள் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன! உபதேசியாரும் விசுவாசிகளும் கிராமம் கிராமமாய்ப் போய் 80,000 கலம் கொண்டுவந்து சேர்த்தார்கள். கோட்டை பிழைத்தது. ஒருவருக்கும் பாக்கி வைக்காமல், மேலே கொஞ்சம் வெகுமதியும் கொடுத்து அனுப்பினார் ஐயர். எகிப்திலே யோசேப்புக்கு மோதிரம் இருந்தது, அதிகாரம் இருந்தது. இவருக்கு என்ன இருந்தது? ஒரு மேலங்கியும் ஒரு வாயும்தான்.

வரிக் கொடுமைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடின குடியானவர்களும், இனி அநியாயம் நடக்காது என்று அவர் சொன்னதை நம்பி ஒரே நாளில் 7000 பேர் திரும்பி வந்தார்கள். விதைப்புக் காலம் முடியப் போகிற நேரம். இராப்பகலாய் உழுது நிலத்தைத் தயார் பண்ணினார்கள்.

ஐயரும் தப்பு செய்தார், அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. 1787ல் துளஜா ராஜா மரிக்கும்போது, தத்துப்பிள்ளையாகிய சரபோஜியை ஐயர் கையில் கொடுத்தார். சிறு பையன், 10 வயதுதான். ராஜாவின் தம்பி அமர்சிங் பாதுகாவலராய் இருக்கட்டும் என்று ஐயர் யோசனை சொன்னார். அமர்சிங் சிங்காசனத்தில் ஏறிக்கொண்டு பையனை இருட்டில் அடைத்து வைத்து, படிப்பும் இல்லாமல் ஆக்கினார். ஐயர் சும்மா இருக்கவில்லை. தன் யோசனையால் வந்த வினை என்று கம்பெனிக்கு எழுதி எழுதி, 1793ல் பையனைச் சென்னைக்கு அனுப்பி, கெரிக்கே ஐயர் கையில் படிக்க வைத்தார். இந்தக் கெரிக்கே, 1782ல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபோது நம் பட்டணத்தில் ஊழியம் செய்தவர்.

1798 பிப்ரவரி 13ல் சுவார்ட்ஸ் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 48 வருஷம் சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. அடக்கத்துக்கு சரபோஜி வந்து, தேம்பி அழுது, சரீரத்தின்மேல் பொன்சரிகை வஸ்திரம் போர்த்தினார். ஜனங்களின் அழுகைச் சத்தத்தில் பாட்டுப் பாடக்கூட முடியவில்லை. அதே வருஷம் அந்தப் பிள்ளை ராஜாவானார். அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனாலும் லண்டனில் பிளாக்ஸ்மன் என்கிற சிற்பியைக் கொண்டு ஒரு பளிங்குக் கல் செய்வித்தார். தஞ்சாவூர் போகிறவர்கள் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் உள்ள ஐயரின் ஆலயத்தில் அதைப் பார்க்கலாம். மரணப்படுக்கையில் ஐயர் படுத்திருக்கிறார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரபோஜி நிற்கிறார்.