மிம்பரிலிருந்து வசையை இறக்கிய கலீஃபா

தொலைக்காட்சி விவாதங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். யார் அதிகம் தரம் தாழ்ந்து பேசுகிறாரோ அவருக்கே மறுபடியும் அழைப்பு வரும். 2022 மே மாதம் அப்படியொரு விவாதத்தில்தான், மத்தியில் ஆளும் கட்சியின் அன்றைய செய்தித் தொடர்பாளர் ஒருவர் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்திப் பேசினார். கத்தார், குவைத், ஈரான் ஆகிய நாடுகள் இந்தியத் தூதர்களை அழைத்துக் கண்டித்தன. கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. வெறுப்புப் பேச்சுக்கு எவரும் புகார் தராவிட்டாலும் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனாலும் பேச்சு நின்றபாடில்லை.

அதிகாரத்தில் இருப்பவர்களே வசையை வழக்கமாக்கிவிட்டால் அதை யார் நிறுத்துவது? இதற்கு நம் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. அவர்தான் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

தந்தை அப்துல் அஸீஸ் பின் மர்வான் எகிப்தின் ஆளுநர். தாய் உம்மு ஆஸிம், இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் பேத்தி. பாலில் தண்ணீர் கலக்க மறுத்த ஏழைப் பெண்ணைக் கலீஃபா உமர் (ரலி) தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்த வரலாற்றை நாம் அறிவோம். அந்தப் பெண்ணின் வழியில் வந்தவர் இவர்.

இளமையில் மதீனாவில் கல்வி கற்றார். அங்கே அவருடைய உஸ்தாத் உபைதுல்லாஹ் பின் அப்துல்லாஹ் (ரஹ்). மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவர். அந்தக் காலத்தில் பனூ உமய்யா ஆட்சியின் கீழ் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. ஜும்ஆ குத்பாவில், மிம்பரின் மீது நின்று அலீ (ரலி) அவர்களை ஏசுவார்கள். அரசின் பெயரால் நடந்த அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தவறாகவே தோன்றவில்லை. இளம் உமரும் அப்படியே பேசினார்.

இது உஸ்தாதின் காதுக்கு எட்டியது. மாணவர் வந்தபோது அவர் முகம் கொடுக்கவில்லை. நீண்ட நேரம் தொழுதுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். பத்ருப் போரில் கலந்துகொண்டவர்களை அல்லாஹ் பொருந்திக்கொண்ட பிறகு, அவர்கள் மீது கோபம் கொண்டான் என்ற செய்தி உனக்கு எப்போது வந்தது என்பதே அந்தக் கேள்வி. உமர் வெட்கித் தலைகுனிந்தார். அன்றோடு அந்தப் பேச்சை விட்டார்.

தந்தையிடமும் ஒன்றைக் கவனித்திருந்தார். சரளமாக குத்பா ஓதும் தந்தைக்கு அலீ (ரலி) அவர்களை ஏசும் இடம் வந்ததும் நா தடுமாறும். காரணம் கேட்டபோது தந்தை மறைக்கவில்லை. அலீ (ரலி) அவர்களின் சிறப்பை மக்கள் அறிந்தால் நம்மை விட்டுவிட்டு அவர் பிள்ளைகளிடம் போய்விடுவார்கள் என்றார். ஏசுபவர்களுக்கு உள்ளூர உண்மை தெரிந்தே இருந்தது. பதவிக்காகவே அந்த வசை தேவைப்பட்டது. இன்றைய மேடைகளைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹிஜ்ரி 87 முதல் 93 வரை அவர் மதீனாவின் ஆளுநராக இருந்தார். பத்து மார்க்க அறிஞர்களை ஆலோசகர்களாக அமர்த்தினார். அப்போது அவர் செல்வந்தர். அவர் நடந்து போன வழியை அவர் பூசிய நறுமணமே சொல்லுமாம். கலீஃபா வலீதின் உத்தரவுப்படி குபைப் என்பவருக்குக் கசையடி கொடுக்க, அவர் இறந்துபோனார். அந்தத் துயரம் உமரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

ஹிஜ்ரி 99, அதாவது கி.பி. 717-இல் ஆட்சி அவரிடம் வந்தது. அரச ஊர்திகளைத் திருப்பி அனுப்பினார். மனைவி ஃபாத்திமாவின் நகைகள் பைத்துல்மாலுக்குப் போயின. உறவினர்கள் அபகரித்திருந்த சொத்துகள் உரியவர்களுக்குத் திரும்பின. ஹதீஸ்களைத் தொகுத்து எழுதுமாறு மதீனாவுக்குக் கடிதம் போனது.

மிம்பரில் அலீ (ரலி) அவர்களை ஏசும் வழக்கத்தையும் அவர் தடை செய்தார். அந்த இடத்தில், நீதியையும் நன்மையையும் ஏவி, மானக்கேட்டையும் தீமையையும் அக்கிரமத்தையும் தடுக்கும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 90-வது வசனத்தை ஓதச் செய்தார். தம் குடும்பமே வளர்த்த வழக்கத்தை, ஆட்சிக்கு வந்தபின் அவரே துணிந்து நிறுத்தினார்.

ஏசியவர்களைத் திருப்பி ஏசலாமே என்றும் சிலர் கேட்டார்கள். காரிஜிய்யாக்களின் தூதர்கள் இருவர் வந்து, உங்கள் குடும்பத்தவர் அநியாயக்காரர்கள் என்றால் அவர்களைச் சபியுங்கள் என்று வற்புறுத்தினர். நீங்கள் ஃபிர்அவ்னைக் கடைசியாக எப்போது சபித்தீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர்களுக்கு நினைவில்லை. ஃபிர்அவ்னையே சபிக்காமல் உங்களால் இருக்க முடியும்போது, என் குடும்பத்தாரைச் சபித்தே ஆக வேண்டும் என்று என்னிடம் எப்படிக் கேட்கிறீர்கள் என்றார்.

தம்மை ஏசியவர்களிடமும் அப்படித்தான் நடந்துகொண்டார். ஓர் இரவு இருட்டில் பள்ளிவாசலில் படுத்திருந்த ஒருவரைத் தெரியாமல் மிதித்துவிட்டார். அந்த மனிதர் உனக்குப் பைத்தியமா என்று சீறினார். இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தார் கலீஃபா. காவலர் கையை ஓங்கியபோது, அவர் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்று தடுத்தார். கூஃபாவில் ஒருவன் தம்மை ஏசியதற்காக அவனைக் கொல்ல நினைத்ததாக ஆளுநர் எழுதியபோது, கொன்றிருந்தால் அதற்காக உம்மைப் பழிவாங்கியிருப்பேன் என்று பதில் எழுதினார்.

இரண்டரை ஆண்டுகூட நிறைவடையவில்லை. ஹிஜ்ரி 101 ரஜப் மாதம் (கி.பி. 720), ஏறத்தாழ 40 வயதில், சிரியாவின் தைர் ஸிம்ஆனில் வஃபாத்தானார். விஷம் வைக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1300 ஆண்டுகள் கழித்து, 2020-இல், சிரியப் போருக்கிடையே அவருடைய கப்று சேதப்படுத்தப்பட்ட செய்தி வந்தது. பிரிவு வெறுப்பை நிறுத்தப் பாடுபட்டவரின் கப்றைக்கூட அந்த வெறுப்பு விடவில்லை.

தொலைக்காட்சியில் பேசுபவர்களைச் சட்டப்படி தட்டிக்கேட்க வேண்டும். அதில் நாம் பின்வாங்கக் கூடாது. ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்வதாக நம் பிள்ளைகள் கைபேசியில் எழுதும் சொற்களையும் பார்க்கிறோம். மாற்று இயக்கத்தவரை, மறைந்துபோன ஆலிம்களை நம் மேடைகளில் சிலர் ஏசுவதையும், அதற்குத் தக்பீர் முழங்குவதையும் கேட்கிறோம். உபைதுல்லாஹ் (ரஹ்) செய்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கேள்வி கேட்கும் உஸ்தாதுகளும், நா தடுமாறும் தந்தையரும் நமக்கு இன்று தேவை.

உமர் (ரஹ்) ஓதச் சொன்ன அந்த வசனம் இன்றும் நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆவின் இரண்டாம் குத்பாவின் முடிவில் ஓதப்படுகிறது. எந்தச் சொற்களை அகற்றிவிட்டு அது அங்கே வந்தது என்பதை வரும் வெள்ளிக்கிழமை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். நம் நாவுகளை அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.