சைக்கிளுக்கு வந்த எஞ்சினும் ஜி.டி.நாயுடுவும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

எங்கள் வீட்டில் பெடல் வைத்த பழைய மொபெட் ஒன்று உண்டு. மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது அது வழியில் நின்றுவிடும். அப்பா சைக்கிளைப் போல மிதித்தே வீடு வந்து சேருவார். பிறகு அண்ணன் ஸ்பேனரை எடுப்பான். டார்ச் பிடிப்பது என் வேலை. சென்ற கோடை விடுமுறையில் அண்ணன் ஊரில் இல்லாத ஒரு நாள், நானே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். அது கரி படிந்து கறுப்பாக இருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது! அன்று அப்பா எனக்குச் சொன்ன கதை, கோவை தந்த மேதை ஜி.டி.நாயுடு அவர்களின் கதை. பின்னர் அவரைப் பற்றிப் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கு எழுதுகிறேன்.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் துரைசாமி. தந்தையார் பெயர் கோபால்சாமி. பள்ளிக்கூடம் என்றாலே சிறுவனுக்குக் கசப்பு. ஆசிரியர் முகத்தில் மணலை வாரி எறிந்துவிட்டு ஓடியதாகக் கூறுவர். (இந்தப் பகுதியைப் படிக்கும் அருட்சகோதரிகள் என்னைப் பொறுத்தருள வேண்டும்!)

இருபது வயதை ஒட்டிய பருவத்தில், ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடுகிறதே! அந்த வியப்பு அவரை உறங்க விடவில்லை. வண்டியை வாங்கப் பணம் வேண்டுமே? கோவைக்கு வந்து ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசுக்குக் காசு சேர்த்து, அதே அதிகாரியிடமிருந்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. ஆணி ஆணியாகக் கழற்றிப் பரப்பிவிட்டு, மறுபடியும் பூட்டினார்.

இதில் என்ன பெரிய காரியம் என்று என் தோழியர் கேட்கலாம். ரட்ஜ் நிறுவனம் இங்கிலாந்தில் முதலில் சைக்கிள் செய்துவந்த நிறுவனமே. 1911-இல்தான் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. அக்கால மோட்டார் சைக்கிள் பார்வைக்கு எஞ்சின் பொருத்திய கனத்த சைக்கிள் போலவே இருக்கும். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு வார்ப்பட்டை ஓடும். பட்டை தளர்ந்தால் எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது. கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும். பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்தும் தருணம் பார்த்து, மக்னெட்டோ தரும் மின்சாரத்தால் பிளக்கில் பொறி விழ வேண்டும். திரும்பப் பூட்டும்போது இந்த நேரம் சற்றே தவறினாலும் வண்டி கிளம்பாது. அல்லது உதைப்பவரையே திருப்பி உதைக்கும். பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் குறை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் மொபெட்டுக்கும் இதே மூன்று கேள்விகள்தாம். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் இவற்றைக் கண்டறிவது எளிதா?

அந்த ஒரு வண்டி அவரை மெக்கானிக் ஆக்கியது. 1920-இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் அவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினர். சிறிய மோட்டாரால் இயங்கும் சவரக் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் செய்தவை பல.

பெரிய போர் முடிந்தபின் 1946-இல், ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா என்பவர் ராணுவம் கழித்த சிறு எஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்கத் தொடங்கினார். எரிபொருள் தொட்டி கிடைக்காமல், முதலில் வெந்நீர் ஒத்தடப் பாத்திரத்தையே தொட்டியாகக் கட்டினாராம்! அவரும் நாயுடுவைப் போலவே பட்டறையில் கற்றவர். அவருடைய தொழில் உலகெங்கும் பரவியது.

நம் நாயுடுவுக்கோ அப்படி வாய்க்கவில்லை. 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து, 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது நின்றுபோனது. அந்தக் கார் வந்திருந்தால் எத்தனை வீட்டு வாசலில் நின்றிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மணல் எறிந்த அந்த மாணவரே ஒரு கல்லூரிக்கு முதல்வரும் ஆனார். கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அக்கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் எதற்கு, இரண்டு போதுமே என்பது அவர் கட்சி. அதை ஏற்பார் இல்லாததால் பதவி விலகினார். இதில் மட்டும் நான் அவர் பக்கம் இல்லை. ஒரு பிளக்கைக் கழற்றவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று!

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வரும் விடுமுறையில் அழைத்துச் செல்லுமாறு அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அண்ணனும் வருவதாகச் சொல்கிறான். வரட்டும், இம்முறை டார்ச் அவன் கையில்.