காட்டு யானைகள் பொறுத்துக்கொண்ட மனிதர்

பெரஹராவில் அலங்காரத்தோடு நடந்து வரும் யானையைப் பார்க்காதவர் கண்டிப் பக்கத்தில் இல்லை. அது பாகனின் சொல்லுக்கு நடக்கும். யார் சொல்லுக்கும் நடக்காத காட்டு யானைகளின் அருகே கமராவோடு சென்று, அவை மேய்வதை நிறுத்தாதபடி படம் பிடித்தவர் தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணன்.

1912 ஜூன் 30இல் பிறந்த கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளைகளில் கடைக்குட்டி. அந்நாளைய மயிலாப்பூர் புதர் மண்டிய இடம், நரிகள்கூட உலாவின. சிறுவன் கிருஷ்ணன் வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது பேராசிரியர் பைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் அலைந்ததுதான் அவர் பெற்ற பெரிய படிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு சட்டமும் படித்தார். அச்சகம், வானொலி என்று சில வேலைகள், எதுவும் நிலைக்கவில்லை.

1937இல் இந்துமதியை மணந்தார். 1942இல் சந்தூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியராகவும் நீதிபதியாகவும் மகாராஜாவின் செயலாளராகவும் இருந்தார். இடையில் ஆடு மேய்த்தார், கடிதம் கொண்டுசெல்லப் புறாக்களும் வளர்த்தார்! சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்குத் திரும்பி, மாதச் சம்பளம் இல்லாமல் எழுத்தையும் படத்தையும் நம்பியே குடும்பம் நடத்தத் துணிந்தார். பெற்றோர் இதை வாசித்தால் தலையை ஆட்டுவார்கள். எளிய வாழ்க்கைதான், ஆனால் அவர் பின்வாங்கவில்லை.

விலையுயர்ந்த கமரா அவரிடம் இல்லை. பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒன்றை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையே.

யானைக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் போதும், நாம் வந்த செய்தி அதற்குத் தெரிந்துவிடும். அதனால் காற்றின் திசை பார்த்தே நெருங்க வேண்டும். முதுமலை போன்ற காடுகளில் கிருஷ்ணன் பழகிய யானையின் முதுகில் அமர்ந்தும் காட்டுக் கூட்டங்களை அணுகினார். சவாரி யானையின் வாடையில் மனித வாடை அடங்கிப்போகும். காதை விரித்துத் துதிக்கையை உயர்த்தினால் அதற்குச் சம்மதமில்லை என்று பொருள், விலகிவிட வேண்டும். காட்டில் பிறந்து வளர்ந்த வழிகாட்டிகளின் அறிவையும் அவர் பெரிதாக மதித்தார்.

பல்லேகலவில் மதில்மேல் வந்திருக்கும் குரங்குக்கு ரொட்டித் துண்டு எறிந்துவிட்டு, கைபேசியில் படம் எடுத்து மகிழ்கிறோம். அந்தக் குரங்கை அருகே கொண்டுவந்தது பசிதான். கிருஷ்ணன் தேடிய நம்பிக்கை வேறு வகை. தாம் அங்கே இருப்பதே விலங்குக்குப் பொருட்டாகாமல் போகும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

1968இல் ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளின் பாலூட்டிகளைப் பற்றி அவர் ஆராய்ந்து எழுதியது 1975இல் நூலாயிற்று. தமிழிலும் எழுதினார், கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரைகள் தந்தார்.

கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 46 ஆண்டுகள் எழுதினார். 1996 பெப்ரவரி 18இல் அவர் காலமான அன்றும் அது பத்திரிகையில் வெளிவந்திருந்தது.