ஊரை இடிக்காமலே ஊரைச் சீராக்கலாம்... 1915-லேயே வழி காட்டிய பேட்ரிக் கெடிஸ் யார்?

ஒரு பக்கம் ராமானுஜர் அவதரித்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில், மாட வீதி, குளம். இன்னொரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம் வரைக்கும் கார், செல்போன் ஆலைகள். இதுதான் இன்றைய ஸ்ரீபெரும்புதூர். 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு இந்தப் பகுதியின் முகமே மாறிப்போச்சு.

ஆலை வரட்டும், வேலை வரட்டும். ஆனா பழைய ஊர் என்ன ஆகும்? ரோட்டை அகலப்படுத்த எதை இடிப்பது, எதை விடுவது? அதை யார் முடிவு செய்வது? இந்தக் கேள்விகளுக்காகவே நூறு வருஷத்துக்கு முன்னாடி தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்த ஒருவர் இருக்கிறார்.

யார் இந்த கெடிஸ்?

1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் பேட்ரிக் கெடிஸ். படித்தது உயிரியல். 1879-ல் மெக்சிகோவுக்கு ஆய்வுக்குப் போன இடத்தில் கொஞ்ச காலம் பார்வையே போய்விட்டது. பார்வை திரும்பினாலும், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை செய்ய முடியவில்லை. செடி, பூச்சிகளைப் பார்த்தவர், மனிதர்கள் வாழும் ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார்.

1886-ல் திருமணமானதும் மனைவி ஆனாவுடன் எடின்பரோ நகரின் பாழடைந்த பழைய பகுதியிலேயே குடியேறினார். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு வெள்ளையடித்தார், முற்றங்களைச் சுத்தம் செய்தார், தோட்டம் போட்டார். மோசமான கட்டடத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் பழுதுபார்த்தார். பின்னாளில் தமிழ்நாட்டில் அவர் சொன்னதும் இதேதான்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

1914-ல் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லேண்ட் பிரபு அழைப்பில் இந்தியா வந்தார் கெடிஸ். வயது 60. அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்கள் தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல், நடுக்கடலில் அதையும் மூழ்கடித்தது. பல வருஷச் சேகரிப்பு போச்சு! ஆனாலும் மனுஷன் அசரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

தமிழ்நாட்டில் என்ன செய்தார்?

காஞ்சிபுரம், தஞ்சாவூர், மதுரை எனப் பல ஊர்களை நேரில் பார்த்து 1915-ல் அறிக்கை எழுதினார். முதலில் தெருத்தெருவாக நடப்பது, அப்புறம்தான் பேனாவை எடுப்பது. இதுதான் அவர் முறை.

அன்றைய அதிகாரிகள் சிலரின் வழி வேறு: வரைபடத்தில் நேர்க்கோடு போடு, குறுக்கே வரும் வீடுகளை இடி. கெடிஸ் இதை எதிர்த்தார். வீடு இழந்தவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெருவில் நெருக்கியடித்துத்தான் குடியேறுவார்கள். அங்கே நெரிசல் இன்னும் கூடும். அதனால் இடிந்து கிடக்கும் ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்து, சந்துகளைக் கொஞ்சம் விரித்து, மரம் நட்டாலே காற்றும் வெளிச்சமும் வரும் என்றார். டாக்டர் தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைப்பது மாதிரி. செலவும் பல மடங்கு குறைவு.

கோயிலையும் தேர் வீதியையும் மையமாக வைத்து வளர்ந்த காஞ்சிபுரத்தை அவர் மிகவும் வியந்தார். குளங்கள் ஊரின் குளிர்ச்சிக்கும் தண்ணீருக்கும் தேவை, கொசுவுக்குப் பயந்து அவற்றைத் தூர்க்க வேண்டாம் என்பதும் அவர் வாதம்.

ஒரு நாள் ராஜா!

பிளேக் பயத்தில் இருந்த இந்தூரில் அவர் செய்தது சுவாரஸ்யம். தீபாவளிக்கு ஒரு நாள் மகாராஜாவாக அதிகாரம் பெற்று ஊர்வலம் நடத்தினார். எந்தத் தெருவில் வீடுகள் அதிகமாகச் சுத்தமாகின்றனவோ, அந்த வழியாகத்தான் ஊர்வலம் என அறிவிப்பு. மக்களே போட்டி போட்டு ஊரைச் சுத்தம் செய்தார்கள்.

1917 அவருக்குக் கொடுமையான வருஷம். மகன் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். அடுத்த சில வாரங்களில் மனைவி ஆனா இந்தியாவிலேயே காய்ச்சலில் இறந்தார். ஆனாலும் அவர் வேலையை விடவில்லை. 1919-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். 1932-ல் பிரான்சில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

கெடிஸ் வெள்ளையர் அரசு அழைத்து வந்தவர்தான். அவர் பரிந்துரைகளில் பலவும் கிடப்பில் போயின. ஆனா அவர் வழி இன்னும் பழசாகவில்லை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன்படி, முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலமாக ஆட்சேபம், ஆலோசனை தரலாம். குறைந்தது 2 மாத அவகாசம் உண்டு. பிரச்சினை என்னன்னா, பலருக்கும் இது தெரிவதே புல்டோசர் வந்த பிறகுதான்.

ஸ்ரீபெரும்புதூரோ ஒரகடமோ, உங்க ஊரில் எந்தக் குளம் இருக்கணும், தேர் எந்த வழியா வரணும், ஷிஃப்ட் பஸ் எந்த வழியா போகணும்னு உங்களுக்குத்தான் தெரியும். வரைவு வெளியாகும்போது அதை எழுதிக் கொடுங்க.