நேர்க்கோட்டுக்குச் சமன்பாடு கண்டவர் ஃபெர்மா... பெயர் மட்டும் டெகார்ட்டுக்குப் போனது ஏன்?

ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, சாய்வு என்ன, வெட்டுத்துண்டுகள் என்னன்னு கண்டுபிடிக்கச் சொல்வது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்த கணக்குதான். இதற்கு வழி போட்டவர்களில் ஒருவர் கணித ஆசிரியரே இல்லை, கோர்ட்டில் வேலை பார்த்தவர். அவர்தான் பிரான்ஸைச் சேர்ந்த பியர் டி ஃபெர்மா.

யார் இந்த ஃபெர்மா?

17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்ஸின் தெற்கே பொமோன் டி லொமாய்ன் என்ற ஊரில் பிறந்தவர். சட்டம் படித்தார். 1631-ல் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவிக்கு வந்தார். அதே ஆண்டு திருமணம். சம்பாத்தியம் எல்லாம் கோர்ட்டில்தான். கணக்கு என்பது ஓய்வு நேர ஆசை மட்டுமே.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

பழைய கிரேக்கக் கணித மேதை அப்பல்லோனியஸின் தொலைந்துபோன நூல் ஒன்றை மீட்டெழுதும் முயற்சியில் இறங்கினார். அந்த வேலைதான் புது வழியைக் காட்டியது. தெரியாத எண்கள் இரண்டு இருந்து, இரண்டும் முதல் படியில் மட்டும் வந்தால், அந்தச் சமன்பாடு ஒரு நேர்க்கோடு. 1636 வாக்கில் இதை எழுதி முடித்துவிட்டார். ஆனா அவர் படங்களில் இருந்தது ஒரே அச்சு. குறை எண்களுக்கும் இடமில்லை. இரண்டு அச்சு, சாய்வுக்கான எழுத்து எல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

இன்றைய முறையில் எப்படிப் போடுவது?

2எக்ஸ் + 3ஒய் = 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒய்-க்கு 0 போட்டால் எக்ஸ் = 6. இது எக்ஸ் வெட்டுத்துண்டு, அதாவது கோடு எக்ஸ் அச்சை வெட்டும் இடம். எக்ஸுக்கு 0 போட்டால் ஒய் = 4. இது ஒய் வெட்டுத்துண்டு. இப்போ ஒய்-யை மட்டும் தனியே பிரித்தால், ஒய் = -(2/3)எக்ஸ் + 4. எக்ஸுக்கு முன்னால் நிற்கும் -2/3 தான் சாய்வு. வலப்பக்கம் 3 கட்டம் நகர்ந்தால் கோடு 2 கட்டம் கீழே இறங்கும். அவ்ளோதான்!

டெகார்ட்டுடன் என்ன சண்டை?

1637-ல் ரெனே டெகார்ட் தன் வடிவியல் நூலை அச்சிட்டார். அதிலும் இதே அடிப்படை யோசனை. இருவரும் தனித்தனியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். டெகார்ட்டின் ஒளியியல் கட்டுரையை ஃபெர்மா விமர்சிக்க, பதிலுக்கு வளைகோட்டின் தொடுகோடு கண்டுபிடிக்கும் ஃபெர்மாவின் முறையை 1638-ல் டெகார்ட் தாக்கினார். முடிந்தால் போட்டுப் பார் என்று ஒரு கடினமான வளைகோட்டையும் அனுப்பினார். ஃபெர்மா அதையும் போட்டுக் காட்டிவிட்டார். கடைசியில் அந்த முறை சரி என்று டெகார்ட் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்புறம் ஏன் பெயர் கிடைக்கவில்லை?

காரணம் ஒன்றுதான். ஃபெர்மா தன் கண்டுபிடிப்புகளை அச்சிட ஆர்வம் காட்டவில்லை. நண்பர்களுக்குக் கடிதமாகவும் கையெழுத்துப் பிரதியாகவும் அனுப்புவதோடு சரி. 1653-ல் துலூஸில் பிளேக் நோய் பரவியபோது அவர் இறந்துவிட்டதாகவே செய்தி பரவி, பிறகு மறுக்கப்பட்டது. 1665 ஜனவரி 12-ல் காஸ்த்ர் நகரில் உண்மையாகவே காலமானார். நேர்க்கோடு பற்றிய அந்த எழுத்தை மகன் சாமுவேல் 1679-ல்தான் அச்சில் கொண்டுவந்தார். அதற்குள் டெகார்ட்டின் நூல் வெளிவந்து 42 ஆண்டுகள் ஓடிவிட்டன. டெகார்ட்டின் லத்தீன் பெயரான கார்ட்டீசியஸ் என்பதிலிருந்துதான், மாணவர்கள் இன்று கோடு வரையும் தளத்துக்குக் கார்ட்டீசியன் தளம் என்ற பெயர் வந்தது.