பாலரை நம்பிய மாண்டிசோரி அம்மையார்

நம் திருப்போரூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே பஸ் ஏறி, சாலை முடியுமிடம் மட்டும் போனால் அடையாறு வந்து சேருவீர்கள். அங்கே ஆற்றங்கரையில், பிரம்மஞான சங்கத்தாரின் பெரிய தோட்டத்தில், 1939-ம் வருஷக் கடைசியில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு வகுப்பு நடந்தது. கற்பித்தவர் 69 வயதான ஓர் இத்தாலிய அம்மையார். அவர் தம் தாய்ப்பாஷையில் பேசப் பேச, பக்கத்தில் நின்ற ஒருவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்திருந்த ஏறக்குறைய 300 பேர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பெயர்த்துச் சொன்ன அந்த மனிதர் யார் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன், மறந்துவிடாதீர்கள்.

அம்மையாரின் பெயர் மரியா மாண்டிசோரி. இன்று தெருவுக்குத் தெரு அந்தப் பெயரில் பலகை தொங்குகிறது. பலகையைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே அவருடைய முறைதான் நடக்கிறதென்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆகையால் அவர் யார், என்ன செய்தார் என்று பெற்றோராகிய நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

அவர் 1870-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி, அங்கோனா பட்டணத்தை அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர், பழைய கட்டுப்பாட்டு மனிதர். தாயார் ரெனில்தே படிப்பில் ஆசையுள்ள மாது. குடும்பம் ரோமாபுரிக்குக் குடிவந்தபின், பையன்கள் படிக்கும் தொழிற்பள்ளியில் சேர வேண்டுமென்று 13 வயதுப் பெண் கேட்டாள். பெண் பிள்ளைக்கு உபாத்தியாயினி வேலை போதாதா என்பது தகப்பனாருடைய எண்ணம். தாயார் மகள் பக்கம் நின்றார். பிறகு வைத்தியம் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் மறுபடி புயல். அப்போதும் தாயார் அசையவில்லை. பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டினவர் என்று உலகம் புகழும் இந்த அம்மையாருக்கு, முதலில் அதை ஊட்டினவர் அந்தத் தாயாரே என்று நினைக்கிறேன்.

வைத்தியக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் பார்க்கும் பாடத்தை ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது தகாது என்றார்கள். ஆகவே எல்லோரும் போன பிற்பாடு, பிணங்கள் கிடக்கும் அறையில் அவர் தனியாக இருந்து படித்தார். ஒரு நாள் மனம் வெறுத்து, படிப்பையே விட்டுவிடுவதென்று தீர்மானித்துப் பூங்கா வழியே நடந்துகொண்டிருந்தாராம். கந்தல் கட்டிய பிச்சைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்க, அருகே அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை ஒரு வர்ணக் காகிதத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தையே மறந்து விளையாடிக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டதும், காரணம் தமக்கே விளங்காமல், திரும்பிப் போய்ப் படிப்பைத் தொடர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். 1896-ல் வைத்தியப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் சித்தசுவாதீனம் இல்லாதவர்களின் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். அங்கே புத்தி வளர்ச்சி குன்றிய பாலரையும் பைத்தியக்காரரோடு சேர்த்து ஒரு வெறும் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கும். பார் இந்தப் பெருந்தீனிகளை என்று காவல்காரி அருவருப்போடு காட்டினாள். அம்மையார் சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் ஒரு பொம்மை இல்லை; கையால் தொட ஒரு பொருள் இல்லை. துணுக்குகளைப் பிள்ளைகள் தின்னப் பொறுக்கவில்லை, கைக்கு வேலை தேடிப் பொறுக்கின்றன என்று அவருக்குப் பட்டது. 1900-ல் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே ரோமையில் ஒரு பள்ளி திறக்கப்பட்டபோது, காலை முதல் இரவு மட்டும் அவர்களோடே இருந்தார். இட்டார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் எழுதி வைத்துப்போன முறைகளைப் பார்த்து மரச்சாமான்கள் செய்வித்தார். எதற்கும் உதவாதென்று தள்ளப்பட்ட பிள்ளைகளில் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்று, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பரீட்சையில் தேறினார்கள். ஊரார் அதிசயப்பட்டார்கள். அம்மையாருக்கோ வேறொரு கவலை பிடித்தது. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்வார்களானால், நல்ல புத்தியுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு அமுக்கி வைத்திருக்க வேண்டும்!

1907-ம் வருஷம் ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, ரோமையில் சான் லொரென்சோ என்னும் ஏழைப் பேட்டையில் அதற்கு விடை காண வழி பிறந்தது. கூலி வேலைக்குப் போகும் தாய் தகப்பன்மார் பகலெல்லாம் வீட்டில் இல்லாததால், பிள்ளைகள் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் அட்டகாசம் செய்துகொண்டிருந்தார்கள். கட்டடத்துக்காரர்கள் அதே கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கி, அம்மையாரிடம் ஒப்படைத்தார்கள். ஏறக்குறைய 50 பிள்ளைகள். மூன்று வயது முதல் ஆறு வயது மட்டும். முதல் நாள் அழுகையும் பயமுமாக, ஆளைக் கண்டால் மிரண்டு, வாய் திறவாமல் நின்றார்களாம்.

அங்கே நடந்தவைகளில் சிலவற்றை மட்டும் சொல்லுகிறேன்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு மரக்கட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கட்டையில் பத்துக் குழிகள். ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதான பத்து முளைகள். எடுத்துக் கலைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் பொருத்த வேண்டும். ஒன்றை மாற்றி வைத்தால் கடைசியில் ஒரு முளை குழியில் சேராது. அவ்வளவுதான், தப்பென்று சொல்ல வாத்தியார் தேவையில்லை. சிறுமி திரும்பத் திரும்பச் செய்வதைக் கண்டு அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார், சிறுமி நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்குமேல் ஆனபின், தூங்கி எழுந்தவள்போல முகம் தெளிந்து, சிரித்து, தானாகவே நிறுத்தினாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் மாமல்லபுரத்துக் கல்தச்சர் பட்டறைகளைப் பாருங்கள். புதிதாக வேலை பழகுகிறவனுக்கு, உளி கோணலாக விழுந்ததை மேஸ்திரி சொல்லுமுன் கல்லே சொல்லிவிடும். தன் தப்பைத் தானே கண்டு தானே திருத்தினவனுக்கு வெட்கம் வருவதில்லை. அடுத்த அடி சரியாக விழும் என்ற தைரியம் வருகிறது. பிறர் முன்னிலையில் குட்டு வாங்கித் திருத்திக்கொண்ட பிள்ளையோ, குட்டுக்குத்தான் பயப்படக் கற்றுக்கொள்கிறது.

இன்னொரு நாள் அம்மையார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையை மடிப்பது எப்படி, சத்தமில்லாமல் துடைப்பது எப்படி என்று மெதுவாகச் செய்து காட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் அனைவரும் கைதட்டி ஆரவாரித்தார்கள்! அவர் திகைத்துப்போனார். யோசித்தபின் விளங்கிற்று. மூக்கு ஒழுகுகிறதென்று அந்தப் பிள்ளைகளை ஏசாதவர் இல்லை. துடைக்கும் விதத்தைச் சொல்லித் தந்தவரோ அதுவரை ஒருவரும் இல்லை. வாசகர்களே, ஒரு வேலையைச் செய்யத் தெரியவில்லை என்று நம் பிள்ளையை நாம் எத்தனை தரம் திட்டியிருக்கிறோம், எத்தனை தரம் உட்காரவைத்துச் செய்து காட்டியிருக்கிறோம் என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்தேன். கணக்கைச் சொல்ல மனம் வரவில்லை.

பரிசு சங்கதியும் வேடிக்கையானது. நன்றாய் நடந்த பிள்ளைக்கு ஒரு பதக்கத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். குற்றம் செய்த பிள்ளை அறை நடுவே நாற்காலியில் தனியே உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தது. பரிசு பெற்றவன் தன் வேலைக்காக அங்குமிங்கும் போகையில் பதக்கம் கீழே விழுந்தது. நாற்காலிப் பிள்ளை எடுத்துக் காட்ட, எனக்கு வேண்டாம், நீயே போட்டுக்கொள் என்ற பாவனையில் அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். தண்டனை பெற்றவன் பதக்கத்தை அணிந்துகொண்டு ஆனந்தமாய் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து அம்மையாருக்குப் பரிசிலும் நம்பிக்கை போயிற்று, தண்டனையிலும் போயிற்று. பள்ளி ஆண்டுவிழாக்களில் கோப்பைகளைக் குவித்து வைக்கும் நமக்கு இது முழுதும் சம்மதமாகுமோ என்னவோ. எனக்கே பாதிதான் சம்மதம். ஆனாலும் நடந்தது அதுதான்.

உப்புக் காகிதத்தில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, விரலால் தடவச் செய்திருந்தார். எழுதும்படி யாரையும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் மொட்டைமாடியில் பிள்ளைகளோடு இருக்கையில், ஒரு பையனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன், சட்டென்று கீழே ஒரு வார்த்தையையும் எழுதிவிட்டான். எழுதத் தெரிகிறதென்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது! கூச்சலிட்டு, மறுபடி வேறு வார்த்தைகளை எழுதினான். மற்றவர்களும் சுண்ணக்கட்டிக்குக் கை நீட்டினார்கள்.

செய்தி உலகெங்கும் பரவிற்று. 1909-ல் அவர் எழுதிய புத்தகம் பல பாஷைகளில் வந்தது. 1908-ம் வருஷத்து மெசீனா பூகம்பத்தில் தாய் தந்தையரை இழந்து ஊமைபோல் ஆகிவிட்ட பிள்ளைகளுக்கு, ரோமையில் பிரான்சிஸ்கு மரியாயின் மிஷனரிக் கன்னியர் தங்கள் மடத்திலேயே அவருடைய பள்ளியை நடத்தினார்கள். அந்தக் கன்னியர் சபை நம் உதகமண்டலத்தில் முளைவிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பார்சலோனாப் பட்டணத்தில், பாலர் உயரத்துக்கேற்ற சிறு ஆசனங்களோடு ஒரு சிற்றாலயமே அமைத்தார். பூசைக்கு வேண்டிய கோதுமையைப் பிள்ளைகளே விதைத்து அறுத்தார்கள்.

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா என்று தயங்கினேன். அது இரகசியமன்று, அவருடைய சரித்திரங்களில் எல்லாம் உள்ளது. 1898-ல், உடன் வேலை செய்த வைத்தியர் ஒருவரால், விவாகமாகாமலே அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மாரியோ என்று பெயர். அந்தக் காலத்தில் விஷயம் வெளிப்பட்டால் உத்தியோகமும் மானமும் போகும். குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். தாய் அவ்வப்போது போய்ப் பார்ப்பார், தாயென்று சொல்லமாட்டார். ஊரார் பிள்ளைகளுக்காகச் சாமான் செய்தும் இராக்கண் விழித்தும் பாடுபட்டவர், தம் பிள்ளை முதல் அடி வைத்ததைப் பார்க்கவில்லை. தாயார் ரெனில்தே 1912-ல் மரித்தபின்தான், ஏறக்குறைய 15 வயதுப் பையனாய் மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தான். அப்போதும் வெளியாருக்கு மருமகன் என்றும், வளர்ப்புப் பிள்ளை என்றுமே அறிமுகம்.

அம்மையார் குறையில்லாதவர் அல்லர். தம் முறையில் எவரும் அணுவளவும் மாற்றம் செய்யச் சகிக்கமாட்டார். முசோலினியின் அரசாங்கம் கொடுத்த ஆதரவையும் 1924 முதல் பத்து வருஷம் ஏற்றுக்கொண்டிருந்தார். பிள்ளைகளைச் சொன்னதைச் செய்யும் சிப்பாய்களாக்க விரும்பியவனுக்கும், தானாய் யோசிக்கும் மனிதராக்க விரும்பியவருக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயின் தேசத்துக்குப் போனார். அங்கே 1936-ல் உள்நாட்டு யுத்தம். ஹாலந்துக்கு ஓடினார். அங்கிருந்துதான், ருக்மிணி தேவியும் அவர் கணவர் அருண்டேல் துரையும் அழைக்க, அடையாற்றுக்கு வந்தார்.

வந்த அடுத்த வருஷம் ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. இத்தாலியர் எல்லோரும் ஆங்கில அரசாங்கத்துக்கு விரோதிகள் ஆனார்கள். அம்மையாரை அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாதென்று நிறுத்தி வைத்தார்கள். பக்கத்தில் நின்று பெயர்த்துச் சொன்னவரைக் கொண்டுபோய் ஆமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அவர்தாம் மாரியோ. இரண்டு மாதம் கழிந்து ஆகஸ்டு 31 வந்தது; அம்மையாருக்கு 70-வது பிறந்தநாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பதென்று யோசித்ததாகவும், அவருடைய மகனைத் திருப்பித் தருவதே சிறந்ததெனக் கண்டதாகவும் அதில் இருந்தது. மகன் என்ற அந்த வார்த்தை வெளிப்படையாக எழுதப்பட்டு அவர் கைக்கு வந்தது, 42 வருஷத்துக்குப் பிறகு, நம் சென்னையில்!

யுத்தம் முடியுமட்டும் தாயும் மகனும் இந்தியாவிலேயே இருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் கோடைக்கானலில் தங்கி, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் செடி, பூச்சி, நட்சத்திரம் என்று சிருஷ்டி முழுவதையும் பாடமாக்கும் விதத்தை ஆராய்ந்தார். இலங்கைக்கும் போய்க் கற்பித்தார். இத்தேசத்தில் அவரிடம் பழகிய ஆசிரியர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர். 1946-ல் ஐரோப்பா சென்று, அடுத்த வருஷமே திரும்பினார். பச்சைக் குழந்தையின் மனம் எப்படிச் சுற்றுப்புறத்தை உறிஞ்சிக் கற்கிறது என்பதைப் பற்றிய அவருடைய பேர்போன நூல், 1949-ல் முதன்முதல் அச்சேறியது அடையாற்றில்தான்.

1952 மே 6-ந் தேதி, ஹாலந்தில் நோர்ட்விக் என்னும் கடற்கரையூரில் இருந்தார். வயது 81. ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களைப் பழக்கலாமா என்று அன்றுகூட மாரியோவோடு பேசிக்கொண்டிருந்தார்; இந்த வயதில் எப்படி என்று அவர் தடுத்தார். சற்று நேரத்தில் அம்மையாரின் உயிர் பிரிந்தது. எங்கே மரிக்கிறேனோ அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தபடி, அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில், 2002-ல் ஐரோப்பியப் பொது நாணயம் வரும்வரை, இத்தாலியின் 1000 லீரா நோட்டில் அவர் படம் இருந்தது.

அவர் எழுதி வைத்த மரண சாசனத்தைத் திறந்தார்கள். தமக்குரியதை எல்லாம் மாரியோவுக்கு விட்டிருந்தார். பெயருக்கு முன்னால், தம் கைப்பட, என் மகன் என்று எழுதியிருந்தார்.