மூன்றாவது பானை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், பள்ளி மாணவராய் இருந்தபோதே உரிமைக் குரல் எழுப்பிய பெருமகன் பாபு ஜெகஜீவன்ராம் அவர்களை நினைவுகூர விழைகின்றோம்.

அவர் 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், பீகாரில் ஆரா நகரை அடுத்த சந்துவா எனும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையார் சோபிராமை இழந்த அவரை, அன்னை வசந்தி தேவி படிக்க வைத்தார்.

1922இல் ஆரா நகரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே இந்து மாணவர்க்கு ஒன்றும் முஸ்லிம் மாணவர்க்கு ஒன்றுமாகத் தண்ணீர்ப் பானைகள் இருந்தன. இந்து மாணவர் பானையில் அவர் நீர் அருந்தினார், புகார் எழுந்தது. தலைமையாசிரியர், தீண்டப்படாதார்க்கென மூன்றாவது பானை ஒன்றை வைத்தார். சிறுவர் அதனை உடைத்தார். மறுபடியும் வைத்தனர், மறுபடியும் உடைத்தார். அதன்பின் அப்பானை வைக்கப்படவில்லை.

நீரை மறுக்கவில்லையே, தனியே கொடுத்தோமே என்று அத்தலைமையாசிரியர் நினைத்திருக்கலாம். தனியே கொடுத்ததுதான் இழிவு என்பதை அம்மாணவர் உணர்ந்திருந்தார்.

1927இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கும் விடுதியில் உணவு மறுக்கப்பட்டது. முடி திருத்துவோரும் மறுத்தனர். தாழ்த்தப்பட்டோரைத் திரட்டி அக்கொடுமையை எதிர்த்தார். பின்னர்க் கல்கத்தாவில் பயின்று 1931இல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். தனி ஒருவராய்ப் பானையை உடைத்தவர், 1935இல் அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் சங்கம் உருவாகத் துணை நின்றார்.

1946இல் இடைக்கால அரசில் மிக இளைய அமைச்சராய்த் தொழிலாளர் துறையை ஏற்றார். அவர் அத்துறையை வகித்த காலத்தில்தான், 1948இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழிற்சாலைகள் சட்டமும் பிறந்தன. நம் அவிநாசி, திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனித் தொழிலாளர் கேட்கும் நியாயத்திற்கு அவை அரணாயின. 1971 போரின்போது பாதுகாப்பு அமைச்சராகவும், 1979இல் துணைப் பிரதமராகவும் விளங்கி, 1986 ஜூலை 6 அன்று மறைந்தார்.

தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் யாம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் தாமே ஒன்றுகூடிக் கேள்வி கேட்டபோது, அதனை ஒழுங்கீனம் என்றே முதலில் எண்ணியிருக்கின்றோம். கேட்டது நியாயமா என்று பிறகே சிந்தித்தோம். ஆரா பள்ளியின் வரலாறு எம் போன்றோர்க்கும் பாடமாகும்.

தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்ட மண் நம் கொங்கு மண். ஆதலின் மாணவச் செல்வங்களே, நன்கு படியுங்கள், பணிவோடு இருங்கள். ஆனால் உங்களுக்கெனத் தனிப் பானை வைக்கப்படுமாயின், அங்கே பணிய வேண்டா. ஒன்றுபட்டு நின்று கேளுங்கள்.